பத்தாம் நம்பர் ஸ்பேனர்

ஏழு வருஷமாக இந்த கோல்ஃபை
என்னைத் தவிர யாராலும் கிளப்ப முடியவில்லை.
விற்கும்போதே ஹுஸ்ரெஃப் சொல்லிக்கொடுத்தார்:
சாவியை உள்ளே அழுத்து,
கட்டைவிரலால் ஒரு அரிசியளவு மேலே தூக்கு,
மூச்சை விட்டபடி திருப்பு.
மூச்சுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
தெரியாது, விட்டால் கிளம்புகிறது என்றார்.

என் கணவன் முயன்றான், திட்டினான், பஸ்ஸில் போனான்.
ஒருமுறை சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு
ரொட்டி வாங்கப் போயிருந்தேன்.
எவனோ ஏறி உட்கார்ந்து
சீட்டைப் பின்னுக்குத் தள்ளி
பாவம், என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான்.
போகும்போது குடையை மட்டும் எடுத்துப் போனான்.
ஸெனித்சா முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

போன வியாழன் வண்டி கிளம்பிவிட்டது,
ஸ்டார்ட்டர் நிற்கவில்லை.
சாவியை உருவிக் கையில் வைத்திருக்கிறேன்,
உள்ளே அது பல்லை நறநறவென்று கடிக்கிறது.
ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து வாசலில்
கருகும் வாசனை.
பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைப்
பிய்த்தெறிந்த பிறகுதான் அடங்கியது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. நவம்பர்.
எஃகாலைப் புகை இன்று எங்கள் பக்கம்.
மைனஸ் முதலில். பத்தாம் நம்பர்.
பிறகு ஹாரன் மூடி, இருபத்து நான்கு நட்டு,
சக்கரம் நேராக நிற்கும் இடத்தில்
வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு.
இண்டிகேட்டர், வைப்பர்
இரண்டு கைகளும் கழன்று மடியில்.

அதுவரை எல்லாம் சுலபம்.
சுவிட்சைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூ,
எறும்புத்தலை அளவு,
மேலே சிவப்பு அரக்கு, காய்ந்த நகச்சாயம் மாதிரி.
தையல் மெஷின் பெட்டியில் இருந்த ஸ்க்ரூடிரைவரோடு
கால்களைச் சீட்டின் முதுகில் போட்டு
தலைகீழாகக் கிடந்தேன்.
மூன்றாம் மாடி மிர்ஸாதா
ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.
நாற்பது நிமிஷம்.
ஒரு கெட்ட வார்த்தைக்குப் பிறகு அசைந்தது.

வெளியே வந்தது
தீப்பெட்டியில் பாதி.
பழுத்த வெள்ளை பிளாஸ்டிக், குறுக்கே விரிசல்.
விரிசலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தேன்.
அரிசியளவு.
இவ்வளவுதானா நீ?
இதைத்தான் வண்டியின் குணம் என்றேன்,
என் கைராசி என்றேன்.

புதியதன் விலை பத்தொன்பது மார்க்.
பள்ளத்தையும் நாக்கையும் பொருத்திப் பார்த்து
தள்ளினால், ஒரு சொடுக்கு.
மஞ்சள் விளக்கு அணைந்தது, திருப்பினேன்,
கட்டைவிரல் தூக்க ஆரம்பிப்பதற்குள்
இன்ஜின் ஓடியது.
பிறகும் விரல் தூக்கியது.

மகள் மெலிஹா சாவியைப் பிடுங்கிக்கொண்டு
வ்ரான்துக் வரை போய்த் திரும்பினாள்.
"சாதாரண வண்டிதானே, அம்மா.
இதற்கா இத்தனை கதை?"

அன்றிரவு தூக்கமில்லை.
தெருவில் எந்த டீசல் இருமினாலும்
என்னுடையது போலவே கேட்கிறது.
இப்போது யார் வேண்டுமானாலும்.
அந்தக் குடைக்காரன்கூட.
மூன்றாம் இரவு கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்,
பானெட்டைச் சத்தமில்லாமல் தூக்கி
மைனஸைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்தேன்.
அப்புறம் தினமும்.
கை ஏன் கறுப்பு என்றான் கணவன்.
புகை என்றேன்.

காலை ஐந்தரை. வயரைப் பூட்டி,
ஸ்பேனரைப் பையில் போட்டு,
உட்கார்ந்து, சாவியை உள்ளே அழுத்தி
மூச்சை விடத் தொடங்குகிறேன்.
நான் விட்டு முடிக்கும்வரை
வண்டி ஓடியபடி காத்திருக்கிறது.